இரண்டு ஏடுகளுக்கு நடுவே

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி மலைக்கு நடந்து செல்லும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! இன்றைக்கு நூறாண்டுகளுக்கு முந்திய காலம். அவள் தோளிலே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் துவண்டு கிடக்கிறான். உடல் அனலாய்க் கொதிக்கிறது. வயிறு பானையெனப் பருத்திருக்கிறது; கைகால்களோ குச்சியென மெலிந்திருக்கின்றன. விட்டு விட்டுக் குளிர் வந்து உலுக்குகிறது. பாட்டி கைவைத்தியம் பார்த்தாள், மந்திரித்தவர் கயிறு கட்டினார், பூசாரி திருநீறு தந்தார், காய்ச்சல் அடங்கவில்லை. இனி அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் - மலை! பிள்ளை பிழைத்தால் முடி இறக்குகிறேன், காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, படிப்படியாக ஏறுகிறாள் அந்தத் தாய்.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களில் சிலர் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். மலைக்குப் போகாமல் அவள் வேறு எங்கே போயிருக்க வேண்டும்? அவள் ஊரில் மருத்துவர் இருந்தாரா? அவள் மகன் வயிறு ஏன் பருத்தது என்று சொல்லக் கற்றவர் எவரேனும் அந்தத் தெருவுக்குள் அடியெடுத்து வைத்தாரா? கொய்னா மாத்திரை அவள் கைக்கு எட்டியதா? அறிவின் கதவுகள் அனைத்தும் அடைத்துக் கிடந்தபோது, திறந்திருந்த ஒரே கதவை அவள் தட்டினாள். குறை அவளிடத்தில் இல்லை. கதவுகளை அடைத்து வைத்தவர்களிடத்தில் இருக்கிறது. மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது. மூடநம்பிக்கை குடியேறுவதற்கு இடம் விட்டு வைத்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் அரிது. அந்த அரிய பணியின் வரலாற்றையே இக்கட்டுரை சொல்ல முனைகிறது.

பிறப்பும் இறப்பும் - இடையில்?

வெள்ளையர் அரசு மக்களை எண்ணாத அரசன்று. எண்ணுவதில் வல்ல அரசு அது. நிலத்தை எண்ணிற்று, விளைச்சலை எண்ணிற்று, வரியை எண்ணிற்று. மக்கள்தொகையைப் பத்தாண்டுக்கு ஒரு முறை எண்ணிற்று. சென்னை மாகாணத்திலே பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899-இல் தனிச்சட்டமே இயற்றிற்று. ஊருக்கு ஊர் கிராம அதிகாரியின் கையில் ஏடு இருந்தது. குழந்தை பிறந்தால் ஒரு வரி. இறந்தால் ஒரு வரி. இறந்ததற்குக் காரணம் எழுதுவதற்கும் இடம் விட்டிருந்தார்கள். வாந்திபேதி, பெரியம்மை, பிளேக், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று பட்டியல் இருந்தது. பெரும்பாலான சாவுகள் எந்தத் தலைப்பின்கீழ் வந்து விழுந்தன தெரியுமா? காய்ச்சல்! மலேரியாவால் செத்தவனும் காய்ச்சல். நச்சுக்காய்ச்சலால் செத்தவனும் காய்ச்சல். என்ன நோயென்று எவருக்கும் விளங்காமல் செத்தவனும் காய்ச்சல். எழுதியவர் மருத்துவரல்லர், ஊர் அதிகாரி. அவர் கண்டது சாவை, நோயையன்று.

பிறந்தபோது ஒரு வரி, இறந்தபோது ஒரு வரி. இரண்டு வரிகளுக்கும் இடையில் அந்தக் குழந்தை வாழ்ந்த ஐந்தாண்டோ பத்தாண்டோ - அதை எழுத ஏடு எங்கே? எப்போது மெலிந்தது, எப்போது கண் மங்கியது, எப்போது காது கேளாமல் போயிற்று, எப்போது வயிற்றில் புழு குடிகொண்டது - எழுதியவர் யார்? எழுதாத நோய் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத நோய்க்கு எவரும் காசு ஒதுக்குவதில்லை. காசு ஒதுக்காத நோய்க்குக் கடவுள்தான் மருத்துவர்!

பிறப்பேட்டுக்கும் இறப்பேட்டுக்கும் நடுவே நிற்கத்தக்க மூன்றாவது ஏடு ஒன்று உண்டு. அதுதான் பள்ளிக்கூடத்தின் ஏடு. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஊர்ப்பிள்ளைகள் ஒன்றுகூடும் இடம் பள்ளி. வீடு வீடாக அலைந்து தேடவேண்டிய நோயைத் திண்ணையில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். எவன் வரவில்லை என்று பார்த்தாலே போதும். எவனுக்கு நோய் என்பது பாதி தெரிந்துவிடும். இந்த எளிய உண்மையை உலகம் உணர்ந்தது எப்போது? நம் நாடு உணர்ந்தது எப்போது?

குழந்தையைத் தொட்டார்கள், குழந்தைக்காகவா?

அரசு அதற்குமுன் குழந்தையின் உடலைத் தொடவே இல்லையா என்று கேட்கலாம். தொட்டது. இரண்டு வகையில் தொட்டது.

முதலாவது, அம்மை குத்துதல். 1796-இல் ஜென்னர் கண்ட முறை, 1802-இல் பம்பாயில் ஒரு சிறுமியின் கையில் குத்தப்பட்டதோடு இந்தியாவில் தொடங்கிற்று. 1880-இல் அம்மை குத்தும் சட்டம் வந்தது. சென்னைக் கிண்டியிலே 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிலையம், அம்மைப்பாலை உருவாக்கி மாகாணமெங்கும் அனுப்பிற்று. அம்மை குத்துபவர் ஊருக்குள் நுழைந்தால் பிள்ளைகளைப் பரணில் ஒளித்து வைத்தனர் தாய்மார். ஆத்தா கோபிப்பாள் என்ற அச்சம் ஒரு பக்கம். வரி வாங்கும் அரசின் ஆள் என்ற ஐயம் மற்றொரு பக்கம். அச்சத்தை வளர்த்தது அறியாமை. ஐயத்தை வளர்த்தது அடிமை ஆட்சி. எனினும் இறுதியில் வென்றது எது? வேப்பிலையா, ஊசியா? 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டது என உலக நல நிறுவனம் அறிவித்தது. தெய்வத்தின் சினம் என்று எண்ணியிருந்தது, தேடித்தேடிக் குத்திய ஊசிக்கு முன் நிற்கமாட்டாமல் ஓடிற்று. பகுத்தறிவின் வெற்றிக்கு இதனினும் பெரிய சான்று எதற்கு?

இரண்டாவது, மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தல். மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கும். வயிற்றில் கட்டிபோலக் கைக்குத் தட்டுப்படும். மலை ஏறிய தாயின் தோளில் கிடந்த சிறுவனின் வயிறு நினைவிருக்கிறதா? அத்தகைய வயிறுகளைக் கணக்கெடுக்கும் முறையை 1840-களில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற ஆங்கில மருத்துவர் கையாண்டார். கால்வாய் வெட்டினால் நோய் பெருகுமா என்று அறிவது அவர்கள் நோக்கம். பின்னாளில் இரண்டிலிருந்து பத்து வயது வரையுள்ள குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, நூற்றில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே ஓர் ஊரின் மலேரியாவை அளந்தனர். அறிவியல் நோக்கில் அருமையான முறை, மறுப்பதற்கில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள் - வெப்பமானியால் காற்றை அளப்பதுபோல், குழந்தையின் வயிற்றால் நிலத்தை அளந்தார்கள்! அளந்து முடிந்ததும் எண் கோப்புக்குப் போயிற்று. பிள்ளை வீட்டுக்குப் போயிற்று, வீங்கிய வயிற்றோடு.

குழந்தையைப் பார்ப்பது வேறு. குழந்தைக்காகப் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை மறவாதிருங்கள். இந்த வரலாறு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

போர் கற்பித்த பாடம்

இங்கிலாந்து தன் குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தது அன்பினாலா? அன்று! 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, பட்டாளத்தில் சேர வந்த தொழிலாளர் வீட்டு இளைஞர்களில் பெருந்தொகையினர் உடல்தகுதி இல்லாதவர்களென்று திருப்பி அனுப்பப்பட்டனர். பேரரசு திடுக்கிட்டது. துப்பாக்கி தூக்கத் தோள் இல்லையே என்ற கவலை, ஒரு குழுவை அமைக்க வைத்தது. 1904-இல் குழு அறிக்கை தந்தது. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தரலாம் என்று ஒரு சட்டம். 1907-இல் அவர்களை மருத்துவர் ஆய்ந்து பார்த்தே ஆகவேண்டும் என்று மற்றொரு சட்டம்.

அந்த 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆய்ந்து பார்ப்பது உள்ளாட்சியின் கடமை; மருத்துவம் தருவதோ அதன் விருப்பம்! நோய் இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். தீர்க்கலாம், தீர்க்காமலும் இருக்கலாம். மருத்துவம் தருவதும் கடமையே என்று சட்டம் திருந்துவதற்கு 1918 வரை ஆயிற்று. பதினோராண்டு! கண்டுபிடிப்பதற்கும் குணப்படுத்துவதற்கும் நடுவே செல்வம் கொழித்த நாட்டிலேயே பதினோராண்டு இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்று காட்டியவர், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பணிபுரிந்த லினா ரோஜர்ஸ் என்ற செவிலி. அந்நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் வந்து பார்ப்பார்கள்; கண்நோய், சிரங்கு, பேன், படர்தாமரை உள்ள பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். அனுப்பிய பிள்ளை என்ன ஆயிற்று? வறிய வீட்டிலே மருந்து இல்லை, நோய் தீரவில்லை, தெருவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடி அந்நோயையே பரப்பிற்று, படிப்பும் போயிற்று. 1902-இல் ரோஜர்ஸ் பள்ளிச் செவிலியாக அமர்ந்தார். பள்ளியிலேயே புண்ணைக் கழுவி மருந்திட்டார். வீட்டுக்கே சென்று தாய்க்குக் கற்பித்தார். விளைவு? 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து நோய் காரணமாக விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567. 1903 செப்டம்பரில் 1,101. பத்தில் ஒன்றாகக் குறைந்தது! புதிய மருந்து எதுவும் வரவில்லை. புதிய கருவி எதுவும் வரவில்லை. நோயைக் கண்ட கண்ணுக்குப் பின்னால், வீடு வரை நடக்கும் கால் ஒன்று வந்து சேர்ந்தது. அவ்வளவே!

பரோடா முன்னே, தில்லி பின்னே

இந்தியாவில் முதலடி எடுத்து வைத்தது வெள்ளையர் நேரடியாக ஆண்ட பகுதியன்று; பரோடா சமஸ்தானம். சாயாஜிராவ் கெய்க்வாட் மன்னர் 1906-இல் தம் நாடெங்கும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். 1909-இல் பரோடா நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ ஆய்வு நடந்தது. இந்தியப் பள்ளி நலப் பணியின் தொடக்கம் அதுவே எனப் பொதுநல மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் மூன்றாண்டே இடைவெளி என்பதைக் கவனியுங்கள். பிள்ளை பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்று அரசு ஆணையிட்டால், வந்து உட்கார்ந்த பிள்ளையின் உடலுக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டும். பசியோடு வருபவனிடம் பாடம் கேள் என்று கட்டாயப்படுத்துவது கல்வியாகாது, கொடுமையாகும். கட்டாயக் கல்வியும் உடல்நலக் காப்பும் உடன்பிறந்தவை.

எனவே கட்டாயக் கல்வியைத் தடுத்தவர்கள் நலக்காப்பையும் சேர்த்தே தடுத்தார்கள். 1911-இல் கோகலே தொடக்கக் கல்வி மசோதாவை இந்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். மெல்ல மெல்ல, ஆங்காங்கே, உள்ளாட்சி விரும்பினால், கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்ற மிக மிதமான மசோதா அது. 1912-இல் வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. எதிர்த்தவர்களில் வெள்ளை அதிகாரிகள் மட்டுமல்லர், நம்மவர்களும் இருந்தனர். தன் நாட்டுப் பிள்ளையை 1907-இலேயே மருத்துவரிடம் காட்டிய அதே பேரரசு, 1912-இல் நம் நாட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கே அழைக்க மறுத்தது.

பள்ளிக்குள் யார்?

இங்கே நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி ஏடு மூன்றாவது ஏடு என்றோம். அந்த ஏட்டில் யார் பெயர் இருந்தது? பள்ளிக்கூடம் பல ஊர்களில் எங்கே இருந்தது? அக்கிரகாரத்தில், கோவில் மண்டபத்தில், மேல்சாதியார் தெருத் திண்ணையில். சேரிப்பிள்ளை அந்தத் தெருவிலேயே நடக்கக்கூடாது என்றால், அந்தப் பள்ளியில் எப்படி உட்காரும்? பெண்பிள்ளை வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றால், அவள் கண்ணை எந்த மருத்துவர் பார்ப்பார்? சாதி, பிள்ளையைப் படிப்பிலிருந்து மட்டும் விலக்கவில்லை, மருந்திலிருந்தும் விலக்கிற்று. நெருக்கமான குடிசையும், குளத்துத் தண்ணீரும், அரைவயிற்றுக் கூழும் எந்தப் பிள்ளைக்கு நோயை மிகுதியாகத் தந்தனவோ, அந்தப் பிள்ளையின் பெயரே ஏட்டில் இல்லை! நோய் மிகுந்த இடத்தில் ஏடு இல்லை. ஏடு இருந்த இடத்தில் நோய் குறைவு. அப்படித் தயாரித்த கணக்கு யாருடைய கணக்கு?

இந்தச் சுவரில் முதல் வெடிப்பு விழுந்தது 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில். சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920-இல் வந்தது. உள்ளாட்சிகள் கல்வியைக் கட்டாயமாக்க வழி திறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் நலனுக்கெனத் தொழிலாளர் துறை அமைந்தது. பொதுப்பள்ளி இடம் தர மறுத்த ஊர்களில் அத்துறை தனிப்பள்ளிகளைத் தொடங்கிற்று. பொதுப்பள்ளியின் கதவே திறந்திருக்க வேண்டும். தனிப்பள்ளி தேவைப்பட்டதே நம் வெட்கம். ஆனாலும் அந்தப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில்தான் பல சேரிகளின் பிள்ளைகள் முதன்முதலாகப் பெயர் பெற்றனர்.

ஓரணாச் சோறு

அதே 1920-இல்தான் சென்னையிலே ஒரு பெருநிகழ்ச்சி நடந்தது. நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சியின் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தருவதென்று 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. ஓர் அணா என்றால் ஒரு ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவிற்று.

இதை வெறும் அன்னதானம் என்று எண்ணிவிடாதீர்கள். அன்னதானம் கொடுப்பவனின் புண்ணியத்துக்காக. இது பெறுபவனின் உரிமைக்காக. சத்திரத்துச் சாப்பாட்டில் சாதிக்கொரு பந்தி. பள்ளிச் சாப்பாட்டில் பிள்ளை என்பது ஒன்றே தகுதி. விளைவைக் கேளுங்கள். அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 பிள்ளைகள், 1924-25-இல் 1,671. இரு மடங்குக்கும் மேல்! சட்டம் போட்டு இழுத்தாலும் வராத பிள்ளையை ஒரு கவளம் சோறு அழைத்து வந்தது. மூன்றாவது ஏட்டில் பெயரெழுதும் மை எது என்று கேட்டால், சோறு என்பதே விடை.

ஆனால் நடந்தது என்ன? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட வெள்ளையர் அரசு இசைவு தர மறுத்தது. 1925 ஏப்ரல் முதல் நாள் அந்த உணவு நின்றது. தியாகராயர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். கல்வி வேறு, சோறு வேறு என்று கணக்கர் மொழியில் வாதாடினார்கள். பசித்த பிள்ளைக்கு இரண்டும் வேறல்ல என்பது அவர்கள் கணக்கில் ஏறவில்லை. மக்கள் விடவில்லை, 1927-இல் மீண்டும், 25 பள்ளிகளில், ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு தொடங்கிற்று.

நூற்றில் பதினெட்டு

அந்த 1927-ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டமன்றத்தில் துணைத்தலைவராக அமர்ந்திருந்தார் மருத்துவர் முத்துலட்சுமி. அவர் மேடையிலே நின்று சீர்திருத்தம் பேசியவர் மட்டுமல்லர். நோயாளியின் நாடி பிடித்துப் பார்த்தவர். நகராட்சிகளும் பிற உள்ளாட்சிகளும் நடத்தும் பள்ளிகளில் பிள்ளைகளை முறையாக மருத்துவர் ஆய்ந்து பார்க்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டுமென்று வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்று அவரைப் போற்றுகிறோம், சரியே. ஆனால் பள்ளிப் பிள்ளையின் உடலைச் சட்டமன்றத்தின் பேசுபொருளாக்கியவர் என்றும் அவரைப் போற்றக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர் உறுப்பினராக இருந்த ஹார்டாக் குழு, 1929-இல் ஓர் அதிர்ச்சி தரும் கணக்கை வெளியிட்டது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள் நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர் பதினெட்டுப் பேரே! எண்பத்திரண்டு பேர் எங்கே? சிலர் மாடு மேய்க்கப் போயினர். சிலர் தங்கையைத் தூக்கி வளர்க்க நின்றனர். சிலர் அதே வகுப்பில் தேங்கினர். அவர்களுள் நோயால் நின்றவர் எத்தனை பேர்? அதைச் சொல்லும் ஏடு ஏது? ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்று மட்டுமே குறித்தார். ஏன் வரவில்லை என்று குறிக்க அதில் கட்டமே இல்லை.

தேரைத்தோல்

ஏன் என்ற கேள்விக்கு விடை தேடிய இடம் ஒன்று நம் நாட்டிலேயே, நீலமலைக் குன்னூரில் இருந்தது. ராபர்ட் மக்கரிசன் தொடங்கிய உணவு ஆராய்ச்சிக்கூடம் அது. அவருக்குப்பின் 1935-இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், தம் உடன்பணியாளர்களோடு தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளை நேரில் ஆய்ந்தார். எடை எடுத்தார், உயரம் அளந்தார், கண்ணின் வெண்விழியில் நுரைபோன்ற வெண்புள்ளி உண்டா, வாயோரம் வெடித்துப் புண்ணாகியிருக்கிறதா, முழங்கையும் தொடையும் தேரையின் தோல்போல் சொரசொரத்திருக்கிறதா என்று பார்த்தார். இந்தத் தேரைத்தோலை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இலங்கையில் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் விவரித்திருந்தார்.

இவை கண்ணேறு அல்ல, சாபம் அல்ல, முன்வினை அல்ல. கீரையும் பாலும் எண்ணெயும் பருப்பும் போதாத உணவின் கையெழுத்து! தீட்டிய அரிசியை மட்டும் உண்டு வளரும் பிள்ளையின் உடலில் வறுமை தானே எழுதிய எழுத்து! அந்த எழுத்தை அழிக்க முடியுமா என்றும் குன்னூரார் பார்த்தனர். வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்தபோது, பிள்ளைகளின் உயரமும் எடையும் மற்றவர்களினும் கூடுதலாக உயர்ந்ததை அளந்து காட்டினர். தலைவிதி ஒரு குவளைப் பாலுக்கு இளகிற்று, தோழர்களே! இளகியது விதியானால், அது விதியே அல்ல.

ஆய்வு முடிந்தது, அறிக்கை வந்தது, ஆட்சி அசையவில்லை. 1946-இல் போர் குழு இந்தியாவின் மக்கள் நலத்தை அலசிற்று. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். பள்ளி நலப்பணி என்பது இந்தியாவில் ஏறத்தாழ இல்லை. இருக்கும் ஓரிரண்டு இடங்களிலும் வளர்ச்சியின்றிக் கிடக்கிறது என்று அக்குழு கண்டது. பரோடாவின் முதலடிக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப்பின், இதுதான் நிலை!

எல்லைக்கோடும் சோற்றுத்தட்டும்

இனி நம் கே.ஜி.கண்டிகைக்குத் திரும்புவோம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்த பின் திருத்தணி வட்டாரம் அம்மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணியும் அங்கே போயிற்று. தமிழ் பேசும் மக்கள் வாழும் மண் எங்களுக்கே என்று ம.பொ.சி.யும், ஆசிரியர் மங்கலங்கிழாரும், அந்த வட்டார மக்களும் போராடினர். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

இந்த எல்லைப் போராட்டத்தை மொழிப் போராட்டமாகவே நாம் படித்திருக்கிறோம். அதில் ஒரு சோற்றுத்தட்டும் அடங்கியிருக்கிறது. சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராகவும், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1956-இல் பள்ளிப் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. தியாகராயர் ஐந்து பள்ளிகளில் ஏற்றிய விளக்கு மாநிலமெங்கும் பரவிற்று. ஆனால் அந்த ஆண்டில் கே.ஜி.கண்டிகை எங்கே? கோட்டுக்கு அப்பால்! எல்லை மாறிய பின்னரே இந்த ஊர்ப் பிள்ளை அத்திட்டத்தின் எல்லைக்குள் வந்தது. பிள்ளையின் பசி ஒன்றே; கோடுதான் இரண்டு. ஒரு குழந்தை எந்தக் கோட்டுக்குள் பிறக்கிறது என்பது அதன் எலும்பின் உறுதியை முடிவு செய்கிறது என்றால், அரசியல் என்பது வெறும் மேடைப்பேச்சா? இல்லை, அது எலும்பிலும் இரத்தத்திலும் எழுதப்படுவது.

பிறகு வந்ததை நீங்கள் அறிவீர்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989-இல் கலைஞர் ஆட்சியில் அதனோடு முட்டை, 2022-இல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு. ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அந்தக் காலை உணவை 2024 சூலை 15-இல் விரிவாக்கிய விழா நடந்தது, கே.ஜி.கண்டிகை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில். பிறவிக்குறை, நோய், சத்துக்குறை, வளர்ச்சித் தடை ஆகிய நான்கையும் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை கண்டறியும் தேசியத் திட்டம் 2013-இல் வந்தது. மருத்துவக்குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிக்கு ஒருமுறையும் வரவேண்டும் என்பது அதன் விதி. மூன்றாவது ஏடு பிறந்துவிட்டது!

பணி முடிந்ததா?

முடியவில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவர் பதின்மூவர் என்ற அளவுக்கு 2020-இலேயே சாவை விரட்டிய தமிழகம் இது. சாவை வென்றோம், சோகையை வெல்லவில்லை. சாவு ஊருக்குத் தெரிய ஓலமிட்டு வருவது. சோகை ஓசையின்றி வருவது. வெளுத்த இமையோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து தூங்கும் சிறுமியை மந்தபுத்தி என்று சொல்லி வைகிறார்கள். அவள் மந்தமல்லள், அவள் இரத்தத்தில் இரும்பில்லை.

ஆகவே இளைஞர்களே, நூறாண்டு வரலாறு நமக்குச் சொல்வது இது. எண்ணுவது மட்டும் போதாது. மண்ணீரலை எண்ணிய ஆட்சி பிள்ளையைக் காக்கவில்லை. ஆய்வது மட்டும் போதாது. மருத்துவத்தை விருப்பத்துக்கு விட்ட சட்டம் பதினோராண்டை வீணாக்கிற்று. அறிக்கை மட்டும் போதாது. குன்னூர் அறிக்கை அலமாரியில் உறங்கிற்று. ஏட்டில் எழுதிய நோய்க்குப் பின்னால் வீடு வரை நடக்கும் கால் வேண்டும். நியூயார்க்கில் ஒரு செவிலியின் கால் அதைச் செய்தது. நம் ஊரில் அந்தக் காலாக இருக்கத்தக்கவர் யார்? நீங்கள்தான்!

படிப்பகம் நடத்துகிறீர்கள், பாராட்டுகிறேன். மேடை போடுகிறீர்கள், வரவேற்கிறேன். அத்தோடு ஒரு நாள் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள்: மருத்துவக்குழு இவ்வாண்டு வந்ததா? யார் யாருக்குக் கண்ணாடி வேண்டும் என்று எழுதினார்கள்? அவர்களுக்குக் கண்ணாடி வந்ததா? மேல்மருத்துவம் வேண்டுமென்று குறித்த பிள்ளை மருத்துவமனைக்குச் சென்றதா? கூலி இழக்க முடியாமல் தாய் அழைத்துச் செல்லவில்லையென்றால், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். அதனினும் பெரிய பகுத்தறிவுப் பிரச்சாரம் இல்லை. கயிறு கட்டாதே என்று சொல்வதற்கு உரிமை யாருக்கு உண்டு? மருந்துக்கு வழி காட்டியவனுக்கே உண்டு.

கே.ஜி.கண்டிகையிலிருந்து மலைக்குப் போகும் வழி இன்றும் இருக்கிறது. ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் போகட்டும், விரும்புவோர் போகட்டும். ஆனால் காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு, வேறு வழியே இல்லையென்று கலங்கி, ஒரு தாயும் அந்தப் படிகளில் இனி ஏறக்கூடாது. அவளுக்கு வேறு வழி உண்டு என்று காட்டுவதே, பிறப்பேட்டுக்கும் இறப்பேட்டுக்கும் நடுவே நாம் எழுதவேண்டிய ஏடு.